சாயவேரும் ஊழியமும்: திருகோணமலைக் கரையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாறு இதுவரை பெரும்பாலும் கோட்டைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1622இற் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தமை, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டியமை, 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றியமை, 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே ஆங்கிலேயரும் பின்னர் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுப்ரெனும் அதனை அடுத்தடுத்துப் பிடித்தமை, 1795இல் ஆங்கிலேயர் மீண்டும் வந்தமை, 1957இல் அவர்களது கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டமை என்பன பாடநூல்கள் தரும் செய்திகளாகும். இவை உண்மையே. ஆயினும் கோட்டையைப் பிடித்தவர் யார் என்ற வினாவுக்கு விடை தரும் இவ்வரலாறு, எதற்காகப் பிடித்தனர் என்ற வினாவுக்கு முழுமையான விடை தருவதில்லை.

அவ்வினாவுக்கான விடையின் ஒரு பகுதி, இக்கரையோர மணலிற் படர்ந்து கிடக்கும் ஒரு சிறு பூண்டிலே அடங்கியுள்ளது. சாயவேர் என்பது அதன் பெயர். தாவரவியலார் அதனை ஓல்டன்லாண்டியா அம்பெல்லாட்டா என்பர். அப்பூண்டு எவ்வாறு வளர்ந்தது, எவ்வாறு வளர்க்கப்பட்டது, அதன் வேரைத் தோண்டியவர் எந்நிலையில் இருந்தனர் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பூண்டும் அதன் இரு பெயர்களும்

சாயவேர் கோப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. நிலத்தோடு ஒட்டிப் பல கிளைகளாகப் பிரிந்து படரும் இயல்பினது. மெல்லிய ஒடுங்கிய இலைகளையும், குடைபோல் விரிந்த காம்புகளில் அமையும் மிகச் சிறிய வெண்ணிறப் பூக்களையும் உடையது. வழிப்போக்கர் கண்ணில் அது களையாகவே படும். ஆயின் நிலத்துக்கு மேலே அற்பமாகத் தோன்றும் இச்செடி, கீழே தன் உயரத்தையும் விஞ்சும் நீண்டு மெலிந்த வேரைச் செலுத்துகின்றது. சாயம் அவ்வேரின் பட்டையிலேயே உள்ளது.

இலங்கையின் வறண்ட வலயத்துக் கரையோர மணற்பாங்கான நிலங்களும், கடலுக்கு அப்பால் சோழமண்டலக் கரையும் அதன் வாழிடங்களாகும். கடற்கரை மணலை அது விரும்புவதற்கும் அதன் சாயம் சிறப்பதற்கும் தொடர்புண்டு. சிப்பியும் சங்கும் நொறுங்கிக் கலந்த மணலிற் சுண்ணாம்புச் சத்து மிகுதி. அலிசரின் எனப்படும் செந்நிறப் பொருள் துணியில் நிலையான சிவப்பாகப் படிவதற்குப் படிகாரத்தோடு சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். கிருஷ்ணா நதியின் கழிமுகத்திலுள்ள பேட்டபோலிச் சாயவேர் ஐரோப்பிய வணிகரிடையே பெரும் மதிப்புப் பெற்றிருந்தமைக்கு அந்நிலத்தின் இவ்வியல்பே காரணமெனக் கருதப்படுகின்றது.

இப்பூண்டுக்குத் தமிழில் இரு பெயர்கள் வழங்குகின்றன என்பது மனங்கொள்ளத்தக்கது. ஒன்று சாயவேர், மற்றையது இம்பூறல். இருமலுக்கும், இரத்தம் கக்கும் நோய்க்கும் நாட்டு வைத்தியர் இதனையே நாடினர். இம்பூறல் காலடியிற் கிடக்க, அதனை அறியாது இரத்தம் கக்கி மாண்டவனைப் பற்றிய பழமொழியும் நம்மிடையே உண்டு. இலைகளை மாவோடு கலந்து அடையாகச் சுட்டு நோயாளருக்குக் கொடுக்கும் வழக்கத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில மருத்துவ நூல்கள் குறித்துள்ளன. வைத்தியன் வேண்டியது பெரும்பாலும் இலையை. வணிகன் வேண்டியது வேரை. இலை பறித்தாற் செடி பிழைக்கும். வேர் தோண்டினாற் செடி மடியும். ஒரே பூண்டு கிராமத்தின் தேவையில் ஒரு பெயரையும், சந்தையின் தேவையில் மற்றொரு பெயரையும் பெற்றது எனலாம். கணக்கேடுகளில் இடம்பெற்றது இரண்டாவது பெயரே.

2. செந்துணியும் துறைமுகமும்

பதினேழாம் நூற்றாண்டின் ஆசிய வணிகத்திற் சோழமண்டலத் துணி ஒரு வகை நாணயமாகவே பயன்பட்டது. மொலுக்கசுத் தீவுகளிற் சாதிக்காயும் கராம்பும் வாங்க வெள்ளியைக் காட்டிலும் சாயத்துணியே உதவியது. ஆதலினாலேயே ஒல்லாந்தர் நறுமணப் பொருள்களைத் தேடி வந்தும், அந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே மசூலிப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் பண்டகசாலைகளை அமைத்தனர்.

அத்துணிகளின் சிவப்பு சாயவேரின் கொடையாகும். அதன் தொழில்முறை எளிதன்று. துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்துவர். சிவப்பு வேண்டிய இடங்களிற் படிகாரக் கரைசலால் எழுதுவர். பின்னர் சாயவேர் இட்ட நீரிற் கொதிக்க வைப்பர். படிகாரம் பட்ட இடத்தில் மட்டுமே சிவப்பு நிலைக்கும். இம்முறையை அறிந்துகொள்ள ஐரோப்பியர் பெரிதும் முயன்றனர். பிரெஞ்சு அதிகாரி பொலியூ ஏறத்தாழ 1734இலும், யேசுசபைத் துறவி கேர்து 1742இலும் இத்தொழில்முறையை விரிவாக எழுதி அனுப்பினர். 1795இல் வில்லியம் ரொக்ஸ்பரோ சோழமண்டலத் தாவரங்களைப் பற்றிய தம் நூலின் முதற்றொகுதியிற் சாயவேருக்குச் சித்திரத்தோடு இடமளித்தார். மறுபுறம், இத்துணிகளின் போட்டியைத் தாங்கமாட்டாது பிரான்ஸ் 1686இலும், இங்கிலாந்து 1700இலும் 1721இலும் சட்டத்தாற் கட்டுப்பாடுகளை விதித்தன. தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொள்ளும் முயற்சியும், அத்தொழிலின் விளைபொருளைத் தடுக்கும் முயற்சியும் ஒரே காலத்தவை என்பது குறிப்பிடத்தக்கது.

இனித் திருகோணமலையை நோக்குவோம். சோழமண்டலக் கரையிற் பெருங்கப்பல்கள் ஒதுங்கத்தக்க இயற்கைத் துறைமுகம் இல்லை. மசூலிப்பட்டினம், சென்னை, புதுச்சேரி, நாகப்பட்டினம் யாவும் திறந்த கடலிலே நங்கூரமிடும் இடங்களாகவே இருந்தன. ஐப்பசியில் வடகீழ்ப் பருவக்காற்று எழுந்ததும் கப்பல்கள் அக்கரையை விட்டு நீங்க வேண்டும். அவை அருகில் ஒதுங்கக்கூடிய ஆழமும் அடைப்பும் உள்ள ஒரே பெருந்துறை திருகோணமலையே. 1620இல் ஓவே யெட்டே தலைமையில் வந்த தேனியர், ஒரே பயணத்தில் திருகோணமலையில் நிலைகொள்ள முயன்றதும் தரங்கம்பாடியைத் தஞ்சை நாயக்கரிடம் பெற்றதும் தற்செயல் அன்று. துணி அங்கே, துறை இங்கே. சோழமண்டலத்தின் செந்துணி வணிகத்தைக் காப்பதற்கான பூட்டாகவே திருகோணமலை கருதப்பட்டது. கோட்டைகளின் வரலாறு துணியின் வரலாற்றோடும், துணியின் வரலாறு வேரின் வரலாற்றோடும் இவ்வாறு பிணைந்துள்ளது.

3. சோழமண்டலத்திற் பயிர்

சோழமண்டலக் கரையிற் சாயவேர் காட்டிலிருந்து தோண்டப்பட்டதோடு வயலிலும் பயிரிடப்பட்டது. அப்பயிர்ச்செய்கை மிகுந்த பொறுமையை வேண்டியது. விதை தூசியினும் நுண்ணியது. கையாற் பொறுக்கிச் சேர்க்க இயலாதது. ஆகவே செடி காய்த்து விதை உதிர்ந்த நிலத்தின் மேல்மணலைக் கூட்டி அள்ளி வைத்து, அடுத்த பருவத்தில் அம்மணலையே விதையாகத் தூவினர். விதையை மண்ணிற் புதைப்பதில்லை; மேலே தூவுவதே முறை.

நிலம் மணற்பாங்காகவும் நீர் தேங்காததாகவும் இருத்தல் வேண்டும். பலமுறை உழுது, எரு இட்டு, சமனாக்கிப் பாத்தி கட்டுவர். தூவிய மணலைக் காற்று அள்ளிச் செல்லாதவாறு பனையோலை பரப்பிக் காப்பர். முளை தோன்றும் வரை நாளொன்றுக்குப் பலமுறை மெல்லத் தெளித்து நீர் விடுவர். குடத்தால் ஊற்றினால் விதை அடித்துச் செல்லப்படும். முளைத்தபின் களை பிடுங்குவதே பெருவேலை. நாற்று மிகச் சிறியதாதலாற் களைக்கும் பயிருக்கும் வேறுபாடு காணத் தேர்ந்த கண் வேண்டும். செடி நிலத்தை மூடிப் படர்ந்த பின்னரே உழவனுக்கு ஓய்வு. வேர் முதிர்ந்து சாயம் ஏற இரண்டாம் ஆண்டு வரை காத்திருத்தல் வேண்டும். அவசரப்பட்டுத் தோண்டியவனுக்குக் கிடைப்பது மெல்லிய நார் மட்டுமே.

இத்துணை உழைப்பிருந்தும், தானாக முளைத்த காட்டுவேரே சிறந்ததென மதிக்கப்பட்டது. அது குறுகியதாயினும் பயிரிட்ட வேரினும் ஏறத்தாழக் காற்பங்கு கூடுதலான சாயம் தருமெனப் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னை மாகாண நூல்கள் கூறும். இக்கருத்து வெறும் தாவரவியற் செய்தியன்று. இலங்கையில் இவ்வேரின் வரலாறு வேறு திசையிற் சென்றமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

4. இலங்கையில் ஊழியம்

இலங்கையில் வேர் குத்தும் நிருவாகத்தின் மையங்களாக மன்னாரும் யாழ்ப்பாணமும் அவற்றை அடுத்த தீவுகளும் வன்னியும் விளங்கின. 1658இல் யாழ்ப்பாணத்தையும் மன்னாரையும் கைப்பற்றிய ஒல்லாந்தர், சாயவேரைக் கும்பனியின் தனியுரிமைப் பொருளாக்கினர். கொமாண்டர் சுவார்தெகுரோன் 1697இற் பின்வருவோருக்காக எழுதிவைத்த நிருவாகக் குறிப்புரையில் யானை, முத்து முதலிய வருவாய்ப் பொருள்களோடு சாயவேரும் இடம்பெற்றுள்ளது. சோழமண்டலத்திலிருந்து நெசவாளரையும் சாயத் தொழிலாளரையும் யாழ்ப்பாணத்திற் குடியேற்றவும் அவர்கள் முயன்றனர்.

இவ்வேரைக் குத்துதல் குறித்த சில சாதியினரின் பிறப்புவழிக் கடமையாக வகுக்கப்பட்டிருந்தது. வேர் குத்துவோர் குறித்த அளவு வேரைக் கும்பனிக்கு ஒப்படைக்க வேண்டும். விலையை நிருணயிப்பது கும்பனி. வேறெவருக்கும் விற்றல் குற்றம். சாதிக்குரிய ஊழியம் என்ற மரபை ஒல்லாந்தர் புதிதாகப் படைத்தாரல்லர். அது அவர்களுக்கு முன்னரே இங்கு நிலைபெற்றிருந்தது. அவர்கள் செய்தது அம்மரபைக் கணக்கேட்டுக்குள் கொணர்ந்தமையாகும். முன்னர் ஊரின் வழக்கத்துக்கும் அதிகாரியின் மனநிலைக்கும் ஏற்ப நெகிழ்ந்த கடமை, இப்போது பெயரும் நிறையும் ஆண்டும் குறித்த கட்டாயமாக இறுகியது. நிலமானிய உறவு, உலகச் சந்தையின் தேவைக்காக அழிக்கப்படாது, அத்தேவைக்கே கருவியாக்கப்பட்டது. குடியேற்றவாதம் பழைய சமுதாய உறவுகளைத் தகர்த்துப் புதியனவற்றை ஏற்படுத்தியது என்று பொதுவாகக் கூறுவோர் இவ்வுதாரணத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஒப்பீடு ஒன்று இங்கு பயன்தரும். ஒல்லாந்தரின் தாயகத்தில், சீலந்து மாகாணத்தில், இதே செந்நிறப் பொருளைத் தரும் மஞ்சிட்டி இனச் செடியொன்று விரிவாகப் பயிரிடப்பட்டது. அங்கே உழவர் அதனை நட்டு வளர்த்தனர்; உலர்த்தும் சூளைகள் அமைக்கப்பட்டன; வேர் சந்தையிலே விலை பேசப்பட்டது. அதே நாட்டு வணிகர் இலங்கையில் அதே சாயப்பொருளுக்காகப் பாத்தி கட்டவில்லை, நீர் இறைக்கவில்லை, விதை மணல் சேர்க்கவில்லை. மணலும் மழையும் செடியைத் தாமே வளர்த்தன. காட்டுவேர் பயிரினும் உயர்ந்ததாகவும் இருந்தது. ஆகவே முதலீடு செய்ய வேண்டிய இடம் நிலமன்று, மனிதர்மீது செலுத்தும் அதிகாரமே என்றாயிற்று. சீலந்திலும் சோழமண்டலத்திலும் செடி பேணப்பட்டது. இலங்கையிற் செடியைப் பேணுவதற்குப் பதிலாக அதனைத் தோண்டும் மனிதர் பிணைக்கப்பட்டனர். சாயவேரின் வரலாறு நமக்கு உணர்த்தும் முதன்மையான உண்மை இதுவே.

ஆயினும் இலங்கையிற் செடியைப் பேணியவர் எவருமிலர் என்று முடிவுசெய்தல் தவறாகும். வேரோடு அகழப்படும் ஒரு பூண்டு ஒரே கரையில் நூற்றாண்டுக் கணக்கிற் கிடைத்து வந்தமை தானாக நிகழக்கூடியதன்று. எந்த மணலில் வேர் முதிர்ந்துள்ளது, எதனை இன்னும் ஓராண்டு விடல் வேண்டும், மழைக்குப் பின் எப்போது மணல் இளகும், விதை உதிர்ந்ததன் அடையாளம் யாது என்பவற்றை அறிந்தவர் வேர் குத்துவோரே. தோண்டிய குழியை மூடுவதும், விதை உதிர்ந்த மேல்மணலை மேலேயே விடுவதும் செடியின் மறுபிறப்புக்கு இன்றியமையாதவை. கும்பனியின் ஏடுகள் வேரின் நிறையைப் பதிந்தன, இவ்வறிவைப் பதியவில்லை. எழுத்திற் பதியப்படாமையாலேயே அது அறிவன்று என்றாகிவிடாது.

திருகோணமலை மாவட்டத்தின் நிலையும் இப்பின்னணியிலேயே விளங்கும. ஒல்லாந்தருக்கு இது முதன்மையாகக் கோட்டையும் துறையுமே. 1786இல் அவர்களது திருகோணமலைத் தலைமை அதிகாரி வான் செண்டன் கொட்டியாரம், தம்பலகாமம், கட்டுக்குளம் ஆகிய பற்றுக்களைச் சுற்றிப் பார்த்து நாட்குறிப்பொன்றை எழுதினார். ஊர்கள், குளங்கள், வயல்கள், மக்கள் பற்றி அது தரும் செய்திகள் பெறுமதி மிக்கவை. ஆயின் ஒன்றரை நூற்றாண்டாகத் துறைமுகத்திற்காகப் போரிட்ட வல்லரசுகளுள் ஒன்றின் அதிகாரி, அத்துறையின் பின்னிலத்தை இவ்வாறு நடந்து கண்டது அவ்வாட்சி முடிவதற்கு ஒன்பதாண்டுகளே இருந்தபோது என்பதும் அச்செய்திகளோடு சேர்த்துக் கருதத்தக்கது.

5. வீழ்ச்சி

1795இல் ஆட்சி மாறிற்று. வேரின் மீதான அரச உரிமை உடனடியாக மாறவில்லை. ஆங்கிலேயரும் சாயவேரை வருவாய்ப் பொருளாகவே தொடர்ந்து நடத்தினர். கோர்டினர் 1807இலும், சுங்கத் துறையில் உயர்பதவி வகித்த பெர்தோலாச்சி 1817இலும் வெளியிட்ட நூல்களில் இதனைப் பற்றிய குறிப்புக்கள் உள்ளன. கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரைகளைத் தொடர்ந்து 1832இல் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியத்தின் சட்ட அடிப்படை இதனால் தகர்ந்தது. மனிதாபிமானம் இம்மாற்றத்தின் ஒரு காரணமே. கோப்பித் தோட்டங்களை நோக்கி நகர்ந்துகொண்டிருந்த பொருளாதாரத்துக்குப் பிறப்பாற் கட்டுண்ட ஊழியரைக் காட்டிலும் கூலிக்கு வாங்கத்தக்க உழைப்பே ஏற்றதாயிருந்தது என்பதையும் உடன் கூறுதல் வேண்டும்.

இறுதி அடி ஆய்வுகூடத்திலிருந்து வந்தது. 1826இல் ரொபிகே மஞ்சிட்டி வேரிலிருந்து அலிசரினைப் பிரித்தெடுத்தார். 1868இல் கிரேபே, லீபர்மன் என்னும் ஜேர்மானிய இரசாயனவியலார் அதனை நிலக்கரித் தாரிலிருந்து பெறும் பொருளைக் கொண்டு செயற்கையாக ஆக்கினர். 1869 யூன் 25இல் அவர்களோடு இணைந்த பாஸ்ப் நிறுவனமும், மறுநாள் இங்கிலாந்தின் வில்லியம் ஹென்றி பேர்க்கினும் காப்புரிமைக்கு விண்ணப்பித்தனர். சில ஆண்டுகளிற் பிரான்சிலும் ஒல்லாந்திலும் மஞ்சிட்டி வயல்கள் கைவிடப்பட்டன. செயற்கை அலிசரின் இந்தியச் சாயச்சாலைகளையும் வந்தடைந்தது. 1893இற் சாயவேரின் நிறப்பொருள்களை லீட்சிலிருந்து இரசாயன முறையில் ஆராய்ந்து வெளியிட்டவர்களுள் ஒருவர் ஆர்தர் ஜோர்ஜ் பேர்க்கின், முன்னவரின் மகன். தந்தையின் தொழில் சந்தையிலிருந்து விரட்டிய வேரை மகன் ஆய்வுப்பொருளாக்கினார். நூற்றாண்டுகளாகச் சாயக்காரர் கைகளில் இருந்த அறிவு அப்போதே விஞ்ஞான ஏடுகளில் இடம்பெற்றது. அது அவர்களுக்குச் சோறு தராத காலத்தில்.

இவ்வீழ்ச்சியால் வேர் குத்துவோர் விடுதலை பெற்றனரா? ஊழியத்திலிருந்து விடுபட்டனர் என்பது உண்மை. ஆயின் ஊழியத்தோடு சேர்ந்திருந்த சாதி இழிவு ஊழியத்தோடு மறையவில்லை. பிணைப்பை உண்டாக்கிய பொருளாதாரத் தேவை நீங்கிய பின்னரும், அத்தேவையால் இறுக்கப்பட்ட சமுதாயப் பிரிவு எஞ்சி நின்றது. நிலம் அவர்களுக்கு உரிமையாகவில்லை. அவர்களது திறமைக்குச் சந்தையும் இல்லாதொழிந்தது.

6. இன்று

இன்று சாயவேர் பற்றிய ஆர்வம் மீண்டும் தோன்றியுள்ளது. இயற்கைச் சாயங்களை நாடுவோர் தமிழகத்தில் இதனைப் பயன்படுத்திப் பார்க்கின்றனர். செடியை வளர்ப்பதற்குப் பெருநிலம் வேண்டியதில்லை. நீர் தேங்காத மணற்பாத்தி, நிறைந்த வெயில், மேலே தூவிய விதை, தொடக்க வாரங்களில் மெல்லிய நீர்த்தெளிப்பு, களை நீக்கம், இரண்டாம் ஆண்டு வரை பொறுமை, தோண்டும்போது ஒரு பகுதியை விதைக்கென விடுதல் என்பனவே அதன் தேவைகள். நிலாவெளியிலோ மூதூரிலோ பாடசாலைத் தோட்டமொன்றில் இதனைச் செய்து பார்த்தல் எளிது. மாணவர் அதன் வழியாகத் தாவரவியலை மட்டுமன்றித் தம் கரையின் வரலாற்றையும் கற்கலாம்.

ஆயினும் செடியை மீட்பது மட்டும் வரலாற்றைத் திருத்திவிடாது. திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டையில் மணல் இன்றும் அகழப்படுகின்றது. 1957இல் நிறுவப்பட்ட கனிய மணற் கூட்டுத்தாபனத்தின் காலந்தொட்டு அங்கு பெறப்படும் இல்மனைற்றின் பெரும்பகுதி மூலப்பொருளாகவே ஏற்றுமதியாகி வந்துள்ளது. அதிலிருந்து ஆக்கப்படும் தைத்தானியம் ஈரொட்சைட்டு உலகெங்கும் வெண்ணிறப் பூச்சுக்களுக்கு அடிப்படையாகும். அன்று இக்கரைகளின் மணலிலிருந்து சிவப்புக்கான வேர் சென்றது. இன்று வெண்மைக்கான கனியம் செல்கின்றது. நிறம் மாறியுள்ளது, மணல் இங்கும் நிறம் வேறெங்கோவும் என்ற உறவு பெரிதும் மாறவில்லை.

எனவே, சாயவேரை மீண்டும் வளர்க்க விழைவோர் விதையோடு ஒரு வினாவையும் விதைத்தல் வேண்டும். தோண்டுவோனின் அறிவுக்கு மதிப்பு உண்டா? வேர் சாயமாகும் தொழில் எவர் கையில் இருக்கும்? நிலமும் விளைவும் எவருக்குரியன? இவ்வினாக்களுக்கு நேர்மையான விடை காணாத பயிர்ச்செய்கை, ஒல்லாந்தர் கணக்கேட்டின் மற்றொரு பக்கமாகவே முடியும். கோட்டைச் சுவர்களை நாம் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களாகப் பேணுகின்றோம். அச்சுவர்கள் எழுவதற்குக் காரணமான செல்வத்தை மணலிற் குனிந்து அகழ்ந்து தந்தவர்களுக்கு நினைவுச்சின்னம் எதுவும் இல்லை. அவர்களது உழைப்பை வரலாற்றில் அதற்குரிய இடத்தில் வைப்பது ஆய்வாளர்முன் உள்ள கடனாகும்.